புதருக்குள் என் குரல்

சார்,

போன வெள்ளிக்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில், அடி அண்ணாமலை ஏரிக்கரைக்கு மேற்கே நாம் வழக்கமாக உட்காரும் பிளந்த பாறைக்குப் பக்கத்தில், தாய்க் கௌதாரி ஒன்று குஞ்சுகளைக் கூப்பிடுவது கேட்டது. கத்திரி முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் பேருக்கு ஒரு தூறல். புதர்களின் இலையெல்லாம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. மண் மட்டும் இன்னும் சூடு ஆறவில்லை.

நான் நின்றேன். அப்புறம் பழக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன். அந்தச் சத்தம் உங்களுக்குத் தெரியும். காலையில் ஊரை எழுப்புகிற கௌதாரிக் கத்தல் இல்லை அது. தொண்டைக்குள்ளேயே உருளும், வாய் குறுகின சொம்பைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி. வல்லூறோ நாயோ வந்தால் தாய் ஒரு அதட்டல் போடும். குஞ்சுகள் இருந்த இடத்திலேயே சருகோடு சருகாக அடங்கிவிடும். காலை வைத்து மிதிக்கப் போனாலும் அசையாது. ஆபத்து போன பிறகு தாய் இந்தச் சத்தம் கொடுத்தால்தான் எழுந்து வரும்.

மூன்று தடவை கூப்பிட்டது. மூன்றுக்கும் நடுவில் ஒரே அளவு இடைவெளி. தாய் அப்படிக் கூப்பிடுவதில்லையே என்று நினைத்தேன். கூப்பிட்டுவிட்டு அது காது கொடுக்கும். பதிலைப் பொறுத்து அடுத்ததைச் சீக்கிரமோ தாமதமோ கொடுக்கும். புதுத் தாய் போலிருக்கிறது, பழகவில்லை என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். குஞ்சுகளும் வந்தன. காரைச் செடியின் வேரடியிலிருந்து ஒன்று, கல்லிடுக்கிலிருந்து இரண்டு, அப்படியே ஒன்பது. எல்லாம் ஒரு சூரைப் புதரின் அடிக்கு ஓடிப் போய் நின்று மேலே பார்த்தன. அங்கே தாய் இல்லை. புதருக்குள் யாரோ இருமினார்கள். அப்புறம் ஒரு கிழவன் குரல்: "போதுங்களா சார்?"

அது என் குரல்.

எனக்குப் படிப்பில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் நான் சொல்லச் சொல்ல மகள் இதை எழுதுகிறாள். நீங்கள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. போனவருக்குக் கடுதாசி போடுவார்களா என்று கேட்டாள். இருக்கிறவர்களிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன், அவரிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது என்றேன். அவள் பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

புதருக்குப் பின்னால் பச்சை வலைத்துணி கட்டி நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். உங்களுடையது மாதிரியே முழங்கை நீள லென்ஸ்கள். சடசடவென்று படம் விழுந்துகொண்டிருந்தது. நான் எழுந்து நடந்ததும் குஞ்சுகள் அடங்கிவிட்டன. தொப்பி போட்ட ஒருத்தர் மட்டும் தலையைத் தூக்கி, கோபப்படாமல்தான் சொன்னார்.

"தாத்தா, ரெண்டு நிமிஷம் அந்தப் பக்கமா போறீங்களா? இப்பத்தான் வெளிய வந்துச்சுங்க."

கூப்பிடுவது யார் என்று கேட்டேன். போன்தான், புதரில் ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறோம் என்றார். போனுக்குள் கூப்பிடுவது யார் என்று மறுபடி கேட்டேன். அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள்.

"அது 'போதுங்களா' தாத்தா. எங்க குரூப்ல அதுக்குப் பேரே அதான். யாரோ ஊர்க்காரர் வாயால பண்ணது. நெட்ல எவ்ளோ கௌதாரி சவுண்டு இருக்கு, எதுக்கும் குஞ்சு வராது. இதுக்குக் கட்டாயம் வரும்."

அவரைப் பார்த்து, "போதுங்களா சார்?" என்று மட்டும் கேட்டேன்.

சிரிப்பு நின்றது. ஓரமாக உட்கார்ந்திருந்த கண்ணாடி போட்ட அம்மா, மடியிலிருந்த காமிராவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "ஐயோ, நீங்களா?" என்றார். தொப்பிக்காரருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. என் தோளில் கை போட்டு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். நேரில் ஒரு தடவை பண்ணுங்கள், வீடியோ எடுத்துக்கொள்கிறோம் என்றார். நான் யார் கொடுத்தது என்று கேட்டேன். அந்த அம்மா உங்கள் பெயரைச் சொன்னார்.

வேறு யாராவது நம்மை ஒளிந்திருந்து பதிவு பண்ணியிருப்பார்கள் என்று அவர் வாயைத் திறக்கிற வரைக்கும் ஒரு நம்பிக்கை வைத்திருந்தேன் சார்.

நீங்கள் முதல் முதல் வந்தது எனக்கு நேற்றுப் போல இருக்கிறது. மெட்ராஸில் ஆபீஸ் வேலை முடிந்து பென்ஷன் வாங்கி, ஆசிரமத்துக்குப் பின்னால் சந்தில் மாடி ரூம் எடுத்துத் தங்கியிருந்தீர்கள். நான் அப்போது ஆடு மேய்த்துக்கொண்டிருந்தேன். பளபளவென்று ஒரு மழைக்கோட்டு மாதிரி சட்டை போட்டுக்கொண்டு செம்போத்துக்குப் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தீர்கள். அது ஒவ்வொரு புதராகத் தள்ளித் தள்ளிப் போனது. ஒரு மணி நேரம் பார்த்தேன், பொறுக்கவில்லை. "உங்க சட்ட சத்தம் போடுது சார்" என்றேன். நீங்கள் கையை ஆட்டிப் பார்த்தீர்கள், சரசரவென்றது. அங்கேயே கழற்றி ஆட்டுக்குட்டி மேல் போட்டுவிட்டு, பனியனோடு உட்கார்ந்தீர்கள். கால் மணி நேரத்தில் செம்போத்து உங்கள் காலுக்கு நாலடியில் வந்து ஓணானைப் பிடித்துத் தின்றது. படம் எடுக்கக்கூட மறந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தீர்கள்.

அன்றைக்கிருந்து ஐந்து வருஷம். வாரத்தில் மூன்று நாளாவது அந்தப் பாறைதான். கண்ணை மூடிக்கொண்டு நான் சொல்வேன், நீங்கள் நோட்டில் எழுதுவீர்கள். அதோ கரிச்சான், அது தவிட்டுக்குருவிகள் சண்டை, இது ஆள்காட்டி, மேட்டில் யாரோ வருகிறார்கள். அதேபோல் யாராவது வருவார்கள். நீங்கள் சிரிப்பீர்கள்.

"நீ மட்டும் படிச்சிருந்தா ஏழுமல, எங்க ஆபீசுக்கே நீதான் பெரிய அதிகாரி."

"படிச்சிருந்தா உங்கள மாதிரி கண்ணாடி போட்டிருப்பேன் சார். குருவி தெரிஞ்சிருக்காது."

இதை எத்தனை பேரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பீர்கள். இவன் காதை எந்தப் பறவையாலும் ஏமாற்ற முடியாது என்பீர்கள். இப்போது ஏமாற்றிவிட்டது சார். என் தொண்டையே என்னை ஏமாற்றி உட்கார வைத்துவிட்டது.

கௌதாரிக் குஞ்சு படம் வேண்டும் என்று மூன்று கோடையாகச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். பொரித்து ஒரு வாரம் ஆகாத குஞ்சு, தாயோடு, வெயில் ஏறாத காலையில். நாமும் எத்தனையோ நாள் உட்கார்ந்தோம். காமிராவை எடுத்தாலே தாய் அதட்டும், குஞ்சு மறையும். நீங்களே ஒரு நாள் கேட்டீர்கள், எல்லாப் பறவை மாதிரியும் கத்துகிறாயே, அந்தத் தாய் கூப்பிடுகிற சத்தம் உனக்கு வராதா என்று. வராது என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். உங்களிடம் பொய் சொல்ல மனசு வரவில்லை. வரும், ஆனால் மாட்டேன் என்றேன். அதற்கான காரணத்தையும் சொன்னேன். பெண்டாட்டியைத் தவிர வேறு யாருக்கும் தெரியாத காரணம்.

நான் இருபத்தி மூன்று வயதில் கண்ணி வைக்கிறவன். கௌதாரி, காடை பிடித்துக் கீழ்பென்னாத்தூர் சந்தைக்குக் கொண்டுபோவேன். ஒரு கோடைக் கடைசியில் இதே மாதிரிக் காலை. கண்ணியில் ஒன்றும் விழவில்லை. தாய் பூச்சி பொறுக்கிக்கொண்டு தள்ளிப் போயிருந்தது. நான் குந்தி உட்கார்ந்து அந்தச் சத்தம் கொடுத்தேன். பதினோரு குஞ்சு. ஒவ்வொன்றாக என் கைக்கே வந்தது. கூடையில் போட்டு மூடி, வரப்பு மேல் நடந்தேன். திரும்பிப் பார்த்தால் தாய் பின்னால் ஓடி வருகிறது. பறக்கவில்லை; ஓடி வருகிறது, நிற்கிறது, கூப்பிடுகிறது. கூடைக்குள்ளிருந்து பதில் போகிறது. எங்கள் வீட்டு வேலி வரைக்கும் வந்துவிட்டது. மனுஷ வாசனைக்குப் பத்தடி கிட்ட வராத ஜாதி, சாயங்காலம் வரை அந்த வேலியடியில் நின்றது. நான் கொண்டுபோய் விடலாம் என்று கூடையைத் திறந்தபோது நாலுதான் மூச்சோடு இருந்தன. அந்த நாலும் விடிகிற வரைக்கும் தாங்கவில்லை.

என் பெண்டாட்டி இடுப்பில் இப்போது இதை எழுதுகிறவள் கைக்குழந்தையாக இருந்தாள். நான் வழக்கம்போல் குழந்தையைப் பார்த்து, வாடா கண்ணு என்று கை நீட்டினேன். என் பெண்டாட்டி ஒரு அடி பின்னால் போனாள்.

"அதுங்கள கூப்ட்ட வாயால எம் புள்ளைய கூப்புடாத."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கே கிரிவலப் பாதையில் கற்பூரம் ஏற்றி, இனி அந்தச் சத்தம் என் வாயில் வராது என்று மலையைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தேன். கண்ணியை எரித்தேன். ஆடு வாங்கினேன். அதற்கப்புறம்தான் அவள் குழந்தையை என் கையில் கொடுத்தாள்.

இதை நீங்கள் தலையைக் குனிந்து கேட்டீர்கள். நோட்டில் எழுதவில்லை. "இனிமே கேக்க மாட்டேன்யா" என்றீர்கள். ஒரு கோடை முழுக்கக் கேட்கவும் இல்லை.

அப்புறம் உங்களுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ரோட்டிலிருந்து பாறைக்கு வருவதற்குள் மூன்று தடவை நிற்பீர்கள். அந்த ஐப்பசியில் என் பெண்டாட்டியும் போய்ச் சேர்ந்தாள். அடுத்து வந்த கோடைக் கடைசியில், பாறையில் சாய்ந்து உட்கார்ந்து, மார்பில் கை வைத்துக்கொண்டு, "அடுத்த கோட எனக்குக் கெடையாது ஏழுமல" என்றீர்கள். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்பேன்.

வீட்டுக்குப் போய் இரண்டு நாள் யோசித்தேன். யாருக்காகச் சத்தியம் பண்ணினேனோ அவள் இப்போது இல்லை. மலை இருக்கிறது, அதனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். சாகப் போகிற மனுஷனுக்கு என்னிடம் கொடுக்க வேறு என்ன இருக்கிறது? ஒரே ஒரு தடவை, உங்கள் கண்ணுக்கு மட்டும் என்று சொன்னேன். சத்தம் மட்டும் எந்த மிஷினிலும் ஏறக்கூடாது என்றேன். நீங்கள் எல்லாப் பறவைச் சத்தத்தையும் போனில் பிடித்து வைப்பவர் என்பதால்தான் சொன்னேன். அந்தச் சத்தம் வெளியே போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வேலி வரை ஓடி வந்த தாயைப் பற்றி இந்த உலகத்தில் உங்களுக்குத்தான் சொல்லியிருந்தேன்.

நீங்கள் மலை பக்கம் கையைத் தூக்கினீர்கள். "மலை சத்தியமா போன் ஆஃப்ல இருக்கும்."

எங்கள் ஊரில் டீக்கடையில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பொய் பேசுகிறவன்கூட அந்தப் பக்கம் கையைத் தூக்கமாட்டான் சார். நீங்கள் தூக்கினதைப் பார்த்த பிறகு எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. வெளியூரிலிருந்து வந்தவருக்கு அது ஒரு மலை, அவ்வளவுதான் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

அந்தக் காலையை அப்படியே சொல்கிறேன், தப்பிருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். கிழக்கே வெளுத்து, பாறையின் நிழல் இன்னும் விழவில்லை. நீங்கள் மண் நிறக் கதர்ச் சட்டை, இடது பக்கம் மேல் பொத்தான் இல்லை. ஏரிக்குள் ஆள்காட்டி இரண்டு தடவை கத்தி ஓய்ந்தது. தாய் கரும்புக் காட்டோரம் தள்ளிப் போயிருந்தது. நான் உங்களிடம், போனை நிறுத்திட்டீங்களா என்று கேட்டேன். நிறுத்திட்டேன் என்றீர்கள். நான் மறுபடி பார்த்ததும், போனை என் பக்கம் திருப்பிக் காட்டி, "பாரேன், செவப்பு" என்றீர்கள். கறுப்புக் கண்ணாடியில் சிவப்பாக ஒரு புள்ளி. பக்கத்தில் ஏதோ எழுத்து மாறி மாறி ஓடியது. சிவப்பு என்றால் நின்றுவிட்டது என்று எனக்குத் தெரியும். ரயில்வே கேட்டில் பார்த்திருக்கிறேன். எழுத்து ஓடினால் எனக்கென்ன தெரியும்? போனைக் குப்புறப் போட்டுச் சட்டைப் பையில் வைத்தீர்கள்.

நான் கண்ணை மூடிக்கொண்டு பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கூப்பிட்டேன். ஐம்பது வருஷத்துக்கு அப்புறமும் அந்தச் சத்தம் முதல் தடவையே வந்தது. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. ஏழு குஞ்சு வந்தன. பின்னாலேயே தாயும் ஓடி வந்தது. குஞ்சுகள் அதன் இறக்கைக்குள் புகுந்துகொண்டன. உங்கள் விரல் ஓயவில்லை. எனக்கு இருமல் வந்துவிட்டது, அடக்கிப் பார்த்தேன். "போதுங்களா சார்?" என்றேன். "போதும்யா, போதும்" என்றீர்கள். பையில் கையை விட்டீர்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் ஆட்டோவில் என் வீட்டுக்கு வந்தீர்கள். கையில் அல்வாப் பொட்டலம். காமிராவின் பின்பக்கத்தில் படத்தைக் காட்டினீர்கள். தாயின் இறக்கைக்குக் கீழே ஏழு தலை. ஒன்றின் மூக்கில் எறும்பு. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். "எனக்காகப் பண்ணியே" என்றீர்கள். அப்புறம் டீ வந்தது. டீ ஆறுகிற வரைக்கும் போனை எடுத்து என்னமோ தட்டிக்கொண்டிருந்தீர்கள். வேலையா சார் என்று கேட்டேன். ஒன்றுமில்லை, ஒரு மெசேஜ் என்றீர்கள்.

வெள்ளிக்கிழமை அந்தக் கண்ணாடி போட்ட அம்மா தன் போனில் தேடிப் பார்த்துச் சொன்னார்: நீங்கள் அதை அனுப்பியது இரண்டு வருஷத்துக்கு முந்தின கோடை, சாயங்காலம் ஆறே கால் மணி. கூடவே நீங்கள் ஒரு வரி எழுதியிருந்ததையும் படித்தார். கௌதாரிக் குஞ்சை வெளியே கொண்டுவர இதைவிட நல்ல சத்தம் கிடைக்காது, முயன்று பாருங்கள் என்று. என் பெயர்கூட அதில் இல்லை.

ஆறே காலுக்கு நீங்கள் என் வீட்டில்தான் இருந்தீர்கள். ஆறரைக்குப் பஸ் சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்தீர்கள்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சிவப்புப் புள்ளியைப் பற்றிக் கேட்டேன். அவள் தன் போனை எடுத்து எதையோ அமுக்கினாள். அதே கறுப்பு, அதே சிவப்பு, பக்கத்தில் ஓடுகிற எழுத்து. "இது ஓடினா ரெக்கார்டு ஆகுதுன்னு அர்த்தம்பா. அது எண்ணு, வினாடி போவுது" என்றாள். நான் அந்த எண் ஓடுவதையே பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே அதை நிறுத்தினாள்.

நீங்கள் எனக்குச் சொன்ன பொய் ஒன்றுதான் சார். ஆனால் அதைச் சொல்ல என் படிப்பில்லாமையை எடுத்துக்கொண்டீர்களே. ஐந்து வருஷம் அதை வைத்துச் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் எனக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை. ஒளித்துவைத்துப் பிடித்திருந்தால்கூட ஆறியிருப்பேன். என் முகத்துக்கு நேரே காட்டினீர்கள். இவனுக்குத் தெரியாது என்று தெரிந்து காட்டினீர்கள்.

அந்த அழுகை பொய் என்று வைத்துக்கொண்டால் எனக்கு லேசாக இருக்கும். பொய் இல்லை. என் கையை நீங்கள் பிடித்த பிடி எனக்குத் தெரியும். அதே கைதான் டீ ஆறுவதற்குள் அனுப்பியும் வைத்தது. இது இரண்டையும் ஒரே ஆளுக்குள் வைக்க எனக்கு இடம் கிடைக்கவில்லை.

அதற்கப்புறம் நீங்கள் ஆறு மாசம் இருந்தீர்கள். மார்கழியில் உங்கள் சொந்தக்காரர்கள் வேன் கொண்டுவந்து அழைத்துப் போனதும், நாலாம் நாள் நீங்கள் முடிந்துபோனதும் எனக்கு உங்கள் மாடி ரூம் வாட்ச்மேன் சொல்லித்தான் தெரியும். முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பௌர்ணமிக்கு உங்களுக்காகச் செருப்பில்லாமல் மலையைச் சுற்றினேன். சுற்றினது சுற்றினதுதான். அதைத் திரும்பக் கேட்கமாட்டேன்.

சனிக்கிழமையும் போனேன். வேறு ஆட்கள், அதே ஸ்பீக்கர், அதே நான். நீங்கள் கொடுத்த பைனாகுலரை வைத்துக் குஞ்சுகளை எண்ணினேன். ஒன்பது. புதருக்கு ஓடுகின்றன, தாயைத் தேடுகின்றன, திரும்புகின்றன. மறுபடி போன் கூப்பிடுகிறது, மறுபடி ஓடுகின்றன. நிஜத் தாய் இந்தப் பக்கம் கரும்போரத்தில் நின்று கத்துகிறது. மனுஷ வாடைக்கு நெருங்க முடியவில்லை. நாலாவது ஓட்டத்தில் வேப்பமரத்திலிருந்து வல்லூறு இறங்கியது. அடங்குகிற குஞ்சை அதனால் பார்க்க முடியாது. ஓடுகிற குஞ்சைப் பார்க்க அதற்கு அதிகக் கண் தேவையில்லை. எட்டு. ஞாயிற்றுக்கிழமை ஏழு.

அன்றைக்குத் தொப்பிக்காரர் வந்திருந்தார். கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன், அதைப் போடாதீர்கள் என்று.

"இன்னா தாத்தா, நாங்க அதுங்கள கல்லாலயா அடிக்கறோம்? போட்டோதான எடுக்கறோம்."

"அது என் வாய் சார். நான் வாணாங்கறேன்."

"நீங்க வாணாம்னா ஆச்சா? எல்லார்கிட்டயும் போயிடுச்சு தாத்தா. நான் ஒருத்தன் நிறுத்தினா நாளைக்கு இன்னொருத்தன் வருவான்."

அவர் சொன்னது தப்பில்லை என்பதுதான் கஷ்டமாக இருந்தது. கண்ணாடி போட்ட அம்மா என் பக்கத்தில் வந்து, தன் போனிலிருந்து அதை அழிப்பதை எனக்குக் காட்டினார். "போயிடுச்சு பெரியவரே, பாருங்க" என்றார். பார்த்தேன். எனக்கு என்ன தெரியும்? போயிருக்கும் என்று நம்பிக்கொண்டேன். இனிமேல் யார் போனைத் திருப்பிக் காட்டினாலும் இப்படித்தான் இருக்கப் போகிறது. அதுவும் உங்கள் கைங்கரியம்.

வீட்டில் அந்தப் படத்தைக் கழற்றட்டுமா என்று மகள் கேட்டாள். நீங்கள் சட்டம் போட்டுக் கொடுத்தது, அவள் அம்மா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. இருக்கட்டும் என்றேன். எறும்பு மூக்கில் ஏறின குஞ்சு என்ன பாவம் பண்ணியது? ஆனால் அன்றைக்கு அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குத் தோன்றியது. தாய்க்கு இரண்டு சத்தம் இருக்கிறது. வெளியே வா என்பது ஒன்று. அதை நான் விட்டேன், ஒரு தடவை உங்களுக்காக எடுத்தேன், அது என் கையை விட்டுப் போய்விட்டது. இன்னொன்று அதட்டல். அதை விடுவதாக நான் யாருக்கும் சொல்லவில்லை. உங்களுக்கும் அதைச் செய்து காட்டினதில்லை, நீங்கள் கேட்கவில்லை. படத்துக்கு உதவாத சத்தம்.

திங்கட்கிழமை அவர்களுக்கு முன்னால் போய்ப் பிளந்த பாறைக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். ஐந்து பேர் வந்தார்கள், வலை கட்டினார்கள். போன் கூப்பிட்டது. சொம்புத் தண்ணீர் சத்தம், எனக்கே இனிப்பாக இருந்தது. கல்லிடுக்கில் ஒரு தலை எழும்பியது. நான் நாக்கை மடித்து, பல்லிடுக்கில் காற்றைக் கிழித்து, கிர்ர் என்று ஒன்று போட்டேன். தலை மறைந்தது. போன் மறுபடி கூப்பிட்டது. நான் மறுபடி அதட்டினேன்.

எனக்குள்ளேயே ஒரு கேள்வி வந்தது சார். இதுவும் பொய்தானே, தாய் அதட்டவில்லையே என்று. யோசித்துப் பார்த்தேன். ஆபத்து இருக்கிறது, இருக்கிறது என்றுதான் சொல்கிறேன். இதில் பொய் இல்லை.

ஒரு மணி நேரம் போனது. புதருக்குள் இருக்கும் நான் வா என்கிறேன். பாறைக்குப் பின்னால் இருக்கும் நான் வராதே என்கிறேன். குஞ்சுகள் அசையவில்லை. தொப்பிக்காரருக்குப் புரிந்துவிட்டது. எழுந்து வந்து பாறையைச் சுற்றிப் பார்த்தார்.

"தாத்தா, இன்னாத்துக்கு இந்த வேல உங்களுக்கு? கொஞ்சம் சும்மா இருக்கீங்களா?"

"நீங்க அங்க இருக்கறவன சும்மா இருக்கச் சொல்லுங்க சார். நானும் சும்மா இருக்கேன்."

அவர் என்னையும் புதரையும் மாறி மாறிப் பார்த்தார். திரும்பிப் போனார். வெயில் ஏறினதும் மூட்டை கட்டினார்கள். அவர்கள் ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்து கார் சத்தமும் ஓய்ந்த பிறகு, கரும்போரத்திலிருந்து தாய் வந்தது. தானே கூப்பிட்டது. முதல் தடவைக்கு ஒன்றும் வரவில்லை. இவ்வளவு தூரம் குழப்பிவிட்டோமே என்று நினைத்தேன். தாய் காது கொடுத்தது. கொஞ்சம் தள்ளிப் போய், இன்னும் தாழ்வாகக் கூப்பிட்டது. அந்த மாதிரி தாழ்த்த எனக்கு என்றைக்கும் வந்ததில்லை. கல்லிடுக்கிலிருந்து ஒன்று வந்தது. அப்புறம் எல்லாம். ஏழு.

அதிலிருந்து தினமும் போகிறேன். தொண்டை கமறிப்போகிறது, மகள் கஷாயம் வைத்துத் தருகிறாள். குஞ்சுகளுக்கு இறக்கை முளைத்து, தானே எழும்பிப் பறக்க இன்னும் பத்து நாளாவது ஆகும். அதுவரைக்கும் போவேன். அடுத்த கோடையிலும் இருந்தால் போவேன்.

இன்று காலை வந்தவர்கள் புது ஆட்கள், என்னைத் தெரியாதவர்கள். அவர்கள் அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் கடைசியில் நான் இருமுகிறேன், "போதுங்களா சார்?" என்று கேட்கிறேன். அதோடு நின்றுவிடுகிறது. நீங்கள் சொன்ன பதில் அதில் இல்லை, வெட்டிவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறீர்கள். போதும்யா, போதும் என்று நீங்கள் சொன்னது இந்த உலகத்தில் என் காதில் மட்டும்தான் இருக்கிறது சார். உங்களால் இப்போது அதை எடுத்துச் சொல்ல முடியாது. அதனால் ஒவ்வொரு தடவை அவன் புதருக்குள்ளிருந்து கேட்கும்போதும், பாறைக்குப் பின்னாலிருந்து உங்களுக்குப் பதிலாக நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஏழுமலை